பழைய கியூ.ஆர்.பி. ரிக்குக்கு டிஜிட்டல் வி.எஃப்.ஓ.: செங்கோட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது செங்கோட்டையில். பழைய குறைந்த சக்தி ரிக்குகளை, அதாவது ஹாம் என்கிற பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் அனுப்பவும் கேட்கவும் வைத்திருக்கிற பெட்டிகளை, திறப்பதும் மூடுவதுமாக இருப்பவன் என்று தெரிந்துபோனதால் தென்காசி, கடையநல்லூரில் இருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூரில் இருந்தும் நண்பர்கள் போனிலும் காற்றிலும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் கட்சி ஒன்றுதான்: பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், ஃப்ரீக்வென்சியை உண்டாக்குகிற, ஒரு இடத்தில் நிற்காமல் நகர்ந்து ஓடுகிற ஆஸிலேட்டரை, அதாவது வி.எஃப்.ஓ.வை மட்டும் மாற்றுங்கள், அதையும் வேண்டுமென்றால் நாளைக்கே பழையபடி திருப்பி வைக்கிற மாதிரி மாற்றுங்கள்.

கியூ.ஆர்.பி. என்றால் எத்தனை வாட், அண்ணாச்சி?

மோர்ஸில் 5 வாட், பேச்சில் உச்சத்தில் 10 வாட். அதற்குள் இருந்தால் கியூ.ஆர்.பி. என்று உலகம் முழுக்க ஒத்துக்கொள்கிறார்கள். ராத்திரி விளக்கு எரிகிற அளவு மின்சாரம்தான், ஆனால் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு நல்ல டைபோல் கம்பி ஆண்டெனா போட்டால் காலை நேரத்தில் கேரளா முழுக்கவும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் தாராளமாகக் கேட்கும்.

என் ரிக் போட்டதும் ஃப்ரீக்வென்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. பழுதா?

பழுது இல்லை, அதன் இயல்பு. பழைய வி.எஃப்.ஓ. என்பது ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) ஒரு கேங் கண்டென்சரும் (குமிழைத் திருப்பினால் தகடு நகர்கிற கண்டென்சர்) சேர்ந்து பாடுகிற பாட்டு. பெட்டிக்குள் சூடு ஏறினால் காயில் கம்பி நீள்கிறது, இண்டக்டன்ஸ் கூடுகிறது, ஃப்ரீக்வென்சி இறங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ரீக்வென்சி என்பது இண்டக்டன்ஸ், கெபாசிட்டன்ஸ் பெருக்கத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். ஆகவே இண்டக்டன்ஸ் பத்து லட்சத்தில் 100 பங்கு கூடினால் ஃப்ரீக்வென்சி 50 பங்கு குறையும், 5 மெகாஹெர்ட்ஸ் வி.எஃப்.ஓ.வில் அது 250 ஹெர்ட்ஸ். பத்து லட்சத்தில் நூறு என்பது கண்ணுக்கே தெரியாத மாற்றம், காதுக்கோ எதிராளியின் குரல் ஒரு கட்டை இறங்கிப்போன மாதிரி.

நம்ம ஊரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை காற்றும் சாரலும் விடாமல் வரும். கேங் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே இருப்பது வெறும் காற்றுதான், ஈரம் ஏறினால் தகடுகளிலும் இன்சுலேட்டரிலும் படிந்து கெபாசிட்டன்ஸை மாற்றுகிறது. சாரல் நாளில் ஜன்னலைத் திறந்தால் என் பழைய செட்டின் ஃப்ரீக்வென்சி ஆடுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். கோடையில் மதுரையில் ஒழுங்காக இருந்த ரிக் இங்கே வந்ததும் அடம்பிடிக்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டார். ரிக்கின் தப்பு இல்லை, சீதோஷ்ணம்.

பாலிஸ்டைரீன் கண்டென்சர் வைத்தால் சரியாகாதா?

ஓரளவு ஆகும். பாலிஸ்டைரீன் சூட்டில் எதிர்த்திசையில் போகும், அதனால் காயிலின் ஓட்டத்தைப் பாதி அளவுக்கு ஈடுகட்டும். சூட்டில் மதிப்பு மாறாத நல்ல என்.பி.0 கண்டென்சர்களையும் கலந்து, வி.எஃப்.ஓ.வைத் தகரப் பெட்டியில் மூடி, அதற்குத் தனி ரெகுலேட்டர் கொடுத்து, வாரக்கணக்கில் பொறுமையாகத் தட்டிக்கொட்டிச் சரிசெய்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனதார மதிக்கிறேன். ஆனால் அது அந்த ஒரு ரிக்குக்கு, அந்த ஒரு ஊருக்குச் செய்த ஈடு, ஊர் மாறினால் திரும்ப முதலில் இருந்து.

கொஞ்சம் ஓடினால் என்ன, கையால் திருத்திக்கொள்ளலாமே?

பேச்சிலும் மோர்ஸிலும் திருத்திக்கொள்ளலாம், அரை நூற்றாண்டாக அப்படித்தான் நடந்தது. கம்ப்யூட்டர் வழியாகத் தொனிகளாகச் செய்தி அனுப்புகிற எஃப்.டி.8 என்று வந்துவிட்டால் முடியாது. 2017இல் வந்த அந்த முறையில் ஒரு நிலையம் எடுத்துக்கொள்கிற அகலமே சுமார் 50 ஹெர்ட்ஸ், ஒரு தொனிக்கும் அடுத்த தொனிக்கும் நடுவே 6.25 ஹெர்ட்ஸ், 15 விநாடிக்கு ஒரு முறை அனுப்புவதும் கேட்பதும் மாறும். என் பழைய செட் முதல் அரை மணியில் 700 ஹெர்ட்ஸ் ஓடும். 15 விநாடிக்குப் பிரித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 6 ஹெர்ட்ஸ். ஒரு முறை அனுப்பி முடிப்பதற்குள் ஒரு தொனி பக்கத்துத் தொனியின் இடத்துக்கே போய்விடுகிறது! அதே வகையைச் சேர்ந்த விஸ்பர் முறை இன்னும் கண்டிப்பானது: மொத்த அகலமே 6 ஹெர்ட்ஸ், அதைச் சுமார் 110 விநாடிக்கு இழுத்து அனுப்ப வேண்டும். குறைந்த சக்தியில் தூரம் போவதற்கு இந்த இரண்டு முறைகளும்தான் இன்று ரொம்ப உதவுகின்றன, அதனால் கியூ.ஆர்.பி. ஆட்களுக்குத்தான் நிலையான ஆஸிலேட்டர் அதிகம் தேவை.

சரி, என்னென்ன வழி இருக்கிறது?

நான்கு வழி. முதலாவது, வி.எஃப்.ஓ.வை அப்படியே விட்டுவிட்டு ஒரு ஃப்ரீக்வென்சி கவுண்டர் மட்டும் சேர்ப்பது. எங்கே இருக்கிறோம் என்று தெரியும், ஓட்டம் நிற்காது. இரண்டாவது, ஹஃப் அண்ட் பஃப் என்கிற ஸ்டெபிலைசர். நெதர்லாந்து ஹாம் கிளாஸ் ஸ்பார்கரென் 1973இல் கொடுத்தது. பழைய வி.எஃப்.ஓ. அப்படியே இருக்கும், ஒரு கிரிஸ்டலோடு அதை ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, ஓட ஆரம்பித்தால் வோல்ட்டேஜுக்குத் தகுந்தபடி கெபாசிட்டன்ஸ் மாறுகிற வேரக்டர் டயோடு ஒன்றின் வழியாகச் சின்னச் சின்னத் தள்ளு கொடுத்துப் பிடித்து வைக்கும். டயல் கயிறும் பெரிய குமிழும் போகக் கூடாது என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது ஏ.டி.9850. இது 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடி நேரடியாக சைன் அலை தருகிற சிப். 32 பிட் என்பதால் ஒரு படி 0.03 ஹெர்ட்ஸுக்கும் கீழே. அலை சுத்தம், ஆனால் ஒரே ஒரு ஃப்ரீக்வென்சிதான் கிடைக்கும், மாட்யூல் நன்றாகவே சூடாகும், மின்சாரமும் தின்னும்.

நான்காவது எஸ்.ஐ.5351ஏ. கடுகு மாதிரிச் சின்ன சிப், பத்தே கால்கள், ஒரு 25 அல்லது 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் இருந்து ஒரே நேரத்தில் மூன்று ஃப்ரீக்வென்சி தரும். உள்ளே பி.எல்.எல். என்கிற, கிரிஸ்டலோடு பூட்டப்பட்ட ஆஸிலேட்டர் ஒன்று 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, அதைப் பின்னத்தால் வகுத்து நமக்கு வேண்டியதைத் தருகிறது. விலை மலிவு. இன்றைக்குப் பத்தில் எட்டுப் பேருக்கு நான் சொல்வது இதுதான், இனி வரும் பதில்களும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

எந்த ரிக்கை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கையால் கட்டிய ரிக் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். நம்ம பக்கம் அதிகம் இருப்பது பிட்எக்ஸ் குடும்பம். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்20, கடையில் கிடைக்கிற சாதாரண டிரான்சிஸ்டர்களை வைத்தே 20 மீட்டர் பேச்சு ரிக் கட்டலாம் என்று காட்டியது. வளைய வடிவக் கோரான டொராய்டு கிடைக்காதவர்கள் குழாய் வாஷரில் காயில் சுற்றிக் கட்டினார்கள். பிறகு 2016 கடைசியில் வந்த பிட்எக்ஸ்40 போர்டு முதலில் வேரக்டர் டியூனிங்கோடுதான் வந்தது, அப்புறம்தான் ராடுயினோ என்கிற சின்ன போர்டு கூட வர ஆரம்பித்தது. அந்த ராடுயினோ வேறொன்றும் இல்லை, ஆர்டுயினோ நானோ என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, ஒரு எஸ்.ஐ.5351ஏ, ஒரு 16க்கு 2 எல்.சி.டி. நாம் செய்யப்போவதும் அதே வேலைதான். வடிவமைத்தவரே அந்தப் பாதையில் போயிருக்கிறார் என்பதால் பிட்எக்ஸ்20 வைத்திருப்பவர்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

ஹீத்கிட் எச்.டபிள்யூ.8 மாதிரி கம்பெனி கிட் கையில் இருந்தால், அதுவும் உடையாமல் கீறாமல் இருந்தால், முகப்பில் துளை போடாதீர்கள். அந்த ரிக்கில் ஒரு வி.எஃப்.ஓ.வும் பேண்டுக்கு ஒரு கிரிஸ்டலும் கலந்து, இயங்கும் ஃப்ரீக்வென்சி உருவாகிறது. அந்தக் கலவை வெளியே வருகிற இடத்தில் பின்பக்கமாக ஒரு கம்பி நுழைத்தால் வெளியே ஒரு தனிப் பெட்டியில் டிஜிட்டல் வி.எஃப்.ஓ. வைத்துக்கொள்ளலாம்.

டென்-டெக் ஆர்கனாட் வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டாம். அதில் கேங்குக்குப் பதில் காயிலுக்குள் கோர் நகர்கிற அமைப்பு. பல சமயம் குறை ஆஸிலேட்டரில் இல்லை, பல வருஷத்துக் கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் போடுங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

என்ன ஃப்ரீக்வென்சி கொடுக்க வேண்டும்? 7.1 கேட்க 7.1 கொடுத்தால் போதுமா?

வருகிற சிக்னலை நேராக ஒலியாக மாற்றுகிற டைரக்ட் கன்வர்ஷன் ரிக் என்றால் போதும். முதலில் அதை ஐ.எஃப். என்கிற ஒரு நிலையான இடை ஃப்ரீக்வென்சிக்கு மாற்றுகிற சூப்பர்ஹெட் என்றால் ஐ.எஃப். கணக்கு உண்டு, தப்பு அதிகம் நடக்கிற இடம் இது, நிதானமாகப் பார்ப்போம்.

பிட்எக்ஸ்40இல் ஐ.எஃப். கிட்டத்தட்ட 12 மெகாஹெர்ட்ஸ், அதை ஒலியாக மாற்றுகிற இன்னொரு ஆஸிலேட்டரான பி.எஃப்.ஓ. 11.998 பக்கம். 7.100 கேட்க வேண்டுமென்றால் 11.998இல் இருந்து 7.100ஐக் கழியுங்கள், 4.898. அதுதான் வி.எஃப்.ஓ. டயலில் மேலே போகும்போது வி.எஃப்.ஓ. கீழே இறங்குகிறது என்பதை நானோவின் கோடில் (நிரலில்) சொல்ல வேண்டும். பிட்எக்ஸ்20இல் ஐ.எஃப். 10, வி.எஃப்.ஓ. 4 பக்கம், இரண்டையும் கூட்டினால் 14. அங்கே டயலும் வி.எஃப்.ஓ.வும் ஒரே திசையில் ஏறும்.

பழைய வி.எஃப்.ஓ. 5 மெகாஹெர்ட்ஸில் இருந்ததற்குக் காரணம், கீழே இருந்தால் ஓட்டம் குறைவு என்பதுதான். எஸ்.ஐ.5351க்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பிட்எக்ஸ்40இல் வி.எஃப்.ஓ.வை 19.098க்குத் தூக்கினாலும் 7.100 கேட்கும். ஆனால் அப்போது சைட்பேண்ட் (பேச்சு நடு ஃப்ரீக்வென்சிக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பது) தலைகீழாகும்: பி.எஃப்.ஓ.வைத் தொடாமலே எல்.எஸ்.பி. (கீழ் சைட்பேண்ட்) ரிக் யு.எஸ்.பி. (மேல் சைட்பேண்ட்) ரிக் ஆகிவிடும். 40 மீட்டரில் எஃப்.டி.8 செய்ய யு.எஸ்.பி. வேண்டுமே, அதற்கு இது அருமையான குறுக்குவழி. தெரியாமல் செய்துவிட்டு எல்லாரும் வாத்து மாதிரிப் பேசுகிறார்கள் என்று என்னிடம் வந்தவர்களும் உண்டு.

முதல் வேலையாக உங்கள் ரிக்கின் பழைய வி.எஃப்.ஓ. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவுண்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சர்க்யூட் தாளில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், கட்டியவர் கிடைத்த கிரிஸ்டலைப் போட்டிருப்பார்.

எஸ்.ஐ.5351 சதுர அலைதானே தருகிறது, பழைய ரிக் ஏற்றுக்கொள்ளுமா?

வி.எஃப்.ஓ.வையும் சிக்னலையும் கலக்கிற மிக்ஸரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிட்எக்ஸ் மாதிரி டயோடு மிக்ஸர் என்றால் சதுர அலையை விரும்பியே ஏற்கும், ஏனென்றால் அந்த டயோடுகள் சுவிட்ச் மாதிரித்தான் வேலை செய்கின்றன. நாலு டயோடு வளையத்துக்கு 50 ஓமில் சுமார் 1.4 வோல்ட் உச்சத்துக்கு உச்சம் வேண்டும், அது சிப்பில் இருந்து நேராகவே கிடைக்கும். சிப்பின் சக்தியை 2, 4, 6, 8 மில்லிஆம்பியர் என்று நாலு படியில் கோடிலேயே மாற்றலாம்.

எஸ்.ஏ.612 மாதிரி சிப் மிக்ஸர் என்றால் கதை வேறு. அதற்கு 200, 300 மில்லிவோல்ட் போதும். நேராகக் கொண்டுபோய் 3.3 வோல்ட் சதுர அலையை ஊற்றினால் ரிசீவர் செவிடாகி, இல்லாத நிலையமெல்லாம் கேட்க ஆரம்பிக்கும். வரிசையில் ஒரு 1 கிலோஓம், தரைக்கு ஒரு 100 ஓம், நடுவில் இருந்து எடுத்தால் 300 மில்லிவோல்ட். நடுவே ஒரு 0.01 மைக்ரோஃபேரட் கண்டென்சர் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் மிக்ஸரின் டி.சி. நிலை குலையும்.

டிரான்ஸ்மிட்டர் பக்கம் நேராக அந்த அலையையே பெருக்கி அனுப்புகிற மோர்ஸ் ரிக் என்றால் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போடாமல் விடவே கூடாது. சதுர அலையில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு ஹார்மோனிக்குகள் பலமாக இருக்கும். ஆண்டெனாவுக்கு முன்னால் இருக்கிற ஃபில்டர் நல்லபடி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோட் எழுதத் தெரியாது. முடியுமா?

முடியும். ஆயத்தக் கோட் நூலகங்கள் இருக்கின்றன, ராடுயினோவின் கோடும் திறந்தே கிடக்கிறது. பெரும்பாலானவர்கள் மாற்ற வேண்டியது ஐ.எஃப். எண்ணும் பேண்ட் எல்லையும் மட்டும்தான். எஸ்.ஐ.5351க்கான ஈதர்கிட் நூலகத்தில் எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு கல் உண்டு: அது ஹெர்ட்ஸில் எண் கேட்பதில்லை, ஹெர்ட்ஸின் நூறில் ஒரு பங்கில் கேட்கிறது. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 71க்குப் பின்னால் ஏழு பூஜ்யம் போட வேண்டும். அந்த எண் 64 பிட் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கடைசியில் யு.எல்.எல். எழுத்துகளையும் சேர்த்துவிடுங்கள். வடகரையில் இருந்து ஒரு கல்லூரிப் பையன் சிப் செத்துவிட்டது என்று மூன்றாவது சிப் வாங்கப் போனான். கேட்டால் இதே தப்பு. அவன் 71 கிலோஹெர்ட்ஸ் கேட்டிருக்கிறான், சிப்பும் பாவம் 71 கிலோஹெர்ட்ஸ்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

டிஸ்ப்ளே எதுவும் காட்டவில்லை என்றால் முதலில் ஐ.2.சி. (நானோ மற்ற பாகங்களோடு பேசுகிற கம்பி) முகவரியைப் பாருங்கள். எல்.சி.டி. பின்பலகை சிலவற்றில் ஹெக்ஸ் 27, சிலவற்றில் ஹெக்ஸ் 3எஃப். எஸ்.ஐ.5351ஏ பெரும்பாலும் ஹெக்ஸ் 60. இன்னொன்று, அந்தச் சிப் 3.3 வோல்ட் ஆள், நானோ 5 வோல்ட். மாட்யூலில் லெவல் மாற்றி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக நின்ற ஃப்ரீக்வென்சியை நினைவில் வைக்க வேண்டும் என்று குமிழின் ஒவ்வொரு படிக்கும் நானோவின் நிலை நினைவகமான ஈப்ராமில் எழுதாதீர்கள். அதன் ஆயுள் 1,00,000 எழுத்து. குமிழ் பத்து விநாடி சும்மா இருந்தால் எழுது என்று வைத்துவிட்டால் போதும்.

மாற்றிய பிறகு ரிசீவரில் ஒரே இரைச்சல். எல்லாம் வீணா?

வீண் இல்லை. இந்த வேலையில் பாதி இதுதான், இதைச் சொல்லித்தராமல் விட்டதால்தான் பலர் டிஜிட்டல் என்றாலே சத்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பழைய ரிசீவர்களின் அழகே அவற்றின் அமைதிதான், அதைக் கெடுத்துவிட்டால் நாம் செய்தது மேம்பாடு இல்லை.

நான் முதலில் மாற்றிய பிட்எக்ஸில் டிஸ்ப்ளே எரிந்ததும் 40 மீட்டர் முழுக்கக் குற்றாலத்தில் சீசன் தண்ணீர் விழுகிற சத்தம். ஆண்டெனாவைக் கழற்றினேன், சத்தம் குறையவே இல்லை. அது முதல் சோதனை: ஆண்டெனா இல்லாமலும் இருக்கிற சத்தம் உள்ளே பிறக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். எல்.சி.டி. விளக்கை அணைத்தேன், மாற்றமில்லை. நானோவுக்கு 5 வோல்ட்டைத் தனி பேட்டரியில் இருந்து கொடுத்தேன், சத்தம் சட்டென்று நின்றது. 12 வோல்ட்டை 5 ஆக்க நான் வைத்திருந்த சின்ன பக் கன்வெர்ட்டர் மாட்யூல்தான் அத்தனைக்கும் காரணம். அதை எடுத்துவிட்டுப் பழைய 7805 ரெகுலேட்டர் வைத்தேன். 80 மில்லிஆம்பியருக்கு அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடாகும், சின்ன ஹீட்சிங்க் போதும், ஆஸிலேட்டர் பக்கம் வைக்காதீர்கள்.

அடுத்தது மூடி வைப்பது. காப்பர் போர்டுத் துண்டுகளை வெட்டிப் பற்றவைத்து ஒரு பெட்டி செய்து, நானோவும் சிப்பும் உள்ளே, வெளியே வருகிற ஒவ்வொரு கம்பியிலும் ஒரு ஃபீட்த்ரூ கண்டென்சரோ, ஒரு சோக்கும் 0.1 மைக்ரோஃபேரடுமோ. ஆர்.எஃப். மட்டும் மெல்லிய கோஆக்ஸியலில் வெளியே வரட்டும், அதன் தரை இரண்டு முனையிலும் போர்டின் தரையோடு சேரட்டும். ஓ.எல்.இ.டி. திரை பார்க்க அழகு, ஆனால் அதற்குள் வோல்ட்டேஜ் ஏற்றுகிற சின்ன பம்ப் ஒன்று ஓடுகிறது, அது பாடும். சாதாரண எல்.சி.டி. அமைதி.

குமிழைத் திருப்பும்போது மட்டும் டிக் டிக் என்று கேட்டால் அது வேறு. ஒவ்வொரு படிக்கும் பி.எல்.எல்.லை ரீசெட் செய்கிற கோட் அது. பி.எல்.எல்.லை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு வகுக்கிற எண்ணை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், டிக் போய்விடும். எண் மாறினால் மட்டும் திரையை எழுது என்றும் வைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றிரண்டு இடத்தில் விசில் நிற்கும். அது எல்லா ரிக்கிலும் உண்டு, எங்கே என்று குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

பழைய குமிழின் சுகம் போய்விடுமே?

போகும், குமிழ் திரும்புவதைப் படிகளாக எண்ணிச் சொல்கிற என்கோடரில் மலிவானதைப் போட்டால். ஒரு சுற்றுக்கு 20 படி, ஒவ்வொன்றும் கடகடவென்று கையில் இடிக்கும். 10 ஹெர்ட்ஸ் படி வைத்தால் ஒரு சுற்றுக்கு 200 ஹெர்ட்ஸ், பேண்டின் கடைசிக்குப் போகவே விடிந்துவிடும். குமிழை அழுத்தினால் படி 10, 100, 1000 என்று மாறும்படி வைக்கலாம். ஆனால் என் மனதுக்குப் பிடித்தது ஆப்டிகல் என்கோடர். சுற்றுக்கு 100 படிக்கு மேலே, இடிப்பே இல்லை. பழைய ரிடக்‌ஷன் டிரைவைக் கழற்றாமல் அதன் பின்னால் கேங் இருந்த இடத்தில் என்கோடரைப் பொருத்தி, பழைய கனமான குமிழையே திரும்ப மாட்டினேன். புனலூரில் எல்லாரும் மாஷ் என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பிட்எக்ஸ்20இல் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதானு, இதானு" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த ரிக் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

திரை காட்டுவது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாதாரணக் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 10, 20 பங்கு தள்ளியிருக்கலாம். 7.1 மெகாஹெர்ட்ஸில் 10 பங்கு என்றால் 71 ஹெர்ட்ஸ். ஒரு முறை திருத்திவிட்டால் அப்புறம் அதிகம் நகராது. கவுண்டர் இல்லையா? சிப்பைச் சரியாக 10 மெகாஹெர்ட்ஸ் தரச் சொல்லி, ஒரு ஷார்ட்வேவ் ரேடியோவை அருகில் வைத்து, சாயங்காலம் சீனாவின் பி.பி.எம். நேர நிலையத்தை அதே 10 மெகாஹெர்ட்ஸில் பிடியுங்கள். இரண்டும் மோதி ஒரு அலைவு கேட்கும். கோடில் உள்ள திருத்த எண்ணை மாற்றிக்கொண்டே போனால் அலைவு மெதுவாகி மூச்சுவிடுகிற மாதிரி ஆகும். விநாடிக்கு ஒரு மூச்சு என்றால் பத்து லட்சத்தில் 0.1 பங்குத் தப்பு, வீட்டில் உட்கார்ந்து அதைவிடத் துல்லியம் தேவையில்லை. ரேடியோவில் மீடியம் வேவ் மட்டும்தான் இருக்கிறது என்றால் 1197 கிலோஹெர்ட்ஸில் திருநெல்வேலி வானொலியை வைத்து இதே வேலையைக் கொஞ்சம் பரும்படியாகச் செய்யலாம்.

பி.எஃப்.ஓ.வையும் இதிலேயே எடுக்கலாமா?

எடுக்கலாம், மூன்று வெளியீடு இருக்கிறதே. சைட்பேண்ட் மாற்றுவதும் ஃபில்டரின் ஓரத்தில் பி.எஃப்.ஓ.வைச் சரியாக உட்கார வைப்பதும் ரொம்ப எளிதாகிவிடும். ஆனால் ஒன்றின் அலை மற்றதில் கொஞ்சம் கசியும், அதனால் முதலாவதையும் மூன்றாவதையும் பயன்படுத்துங்கள், நடுவை அணைத்து வையுங்கள். முதலில் வி.எஃப்.ஓ.வை மட்டும் மாற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது தப்பு என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

பேட்டரி சீக்கிரம் தீருமா?

நானோ, சிப், எல்.சி.டி. விளக்கு எல்லாம் சேர்ந்து என் மீட்டரில் 80 மில்லிஆம்பியர் பக்கம். மலையில் எடுத்துப்போகிறவர்கள் விளக்குக்கு ஒரு சுவிட்ச் வையுங்கள்.

இடிக்கும் ஈரத்துக்கும் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மின்னல் தெரிந்தாலே ஆண்டெனாவைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். பழைய டிரான்சிஸ்டர் தாங்குகிற அதிர்ச்சியை இந்தச் சிப்புகள் தாங்காது. சாரல் மாதங்களில் ரிக்கை ஒரு மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். என்கோடரின் கால்களில் பச்சை பிடித்தால் எண் முன்னும் பின்னும் தாவும், ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனர் போதும்.

இதற்கு லைசென்ஸ் தனியாக வேண்டுமா?

ஹாம் லைசென்ஸ் இருந்தால் போதும், சொந்தமாகக் கட்டுவதற்கும் மாற்றுவதற்கும்தான் அந்த லைசென்ஸே. இல்லாதவர்கள் தேர்வு எழுதி மத்திய அரசின் வானொலி லைசென்ஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யிடம் வாங்கிய பிறகுதான், பேச அழுத்துகிற பி.டி.டி. பொத்தானைத் தொட வேண்டும். இதில் நான் கண்டிப்பு. கோடிலும் ஒரு வரி சேருங்கள்: நமக்கு 40 மீட்டர் 7.000 முதல் 7.200 வரை, அதற்கு வெளியே டிரான்ஸ்மிட் போகக்கூடாது. பழைய கேங் தானாகவே எல்லையில் முட்டி நிற்கும். டிஜிட்டல் குமிழ் சுற்றிக்கொண்டே போகும்.

சாமான் எங்கே கிடைக்கும்?

சென்னை ரிச்சி தெரு, எர்ணாகுளம் பள்ளிமுக்கு, இல்லையென்றால் ஆன்லைன். நமக்கு இரண்டும் ஒரு ராத்திரி ரயில் தூரம், அதனால் என்கோடரும் நானோவும் இரண்டிரண்டாக வாங்கி வையுங்கள்.

கழற்றிய பழைய வி.எஃப்.ஓ.வை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். பலகையில் இருந்து கம்பிகளை வெட்டாமல், பற்றை உருக்கிக் கழற்றுங்கள். எந்தக் கம்பி எங்கே போனது என்று ஒரு தாளில் வரைந்து, போட்டோவும் எடுத்து வையுங்கள்.

புனலூர் மாஷின் ரிக்கில் கேங்கும் காயிலும் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கின. காயில் அவர் குழாய் வாஷரில் கையால் சுற்றியது, மெழுகு ஊற்றி நிறுத்தியிருந்தார், அந்த மெழுகில் அவர் கைரேகை இன்னும் இருந்தது. தாளில் படம் வரைந்து டின்னுக்குள் வைத்து, நாலு பாக்கெட் சிலிகா ஜெல்லும் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி ரிக்கோடு சேர்த்தே கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ரிக்கின் மேலேயே வைத்துக்கொண்டார். இப்போது காலை ஆறரைக்கு 14 மெகாஹெர்ட்ஸில் வந்து எனக்கு ரிப்போர்ட் கேட்கிறார், நானும் ஒவ்வொரு முறையும் ஃப்ரீக்வென்சியைப் பார்க்கிறேன், நேற்று எங்கே இருந்தாரோ அங்கேயே இருக்கிறார்.